முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தொடைக்கு கரண்ட் வைக்கிறது, டர்பன் பக்கம் யாராச்சும் பண்ணியிருக்கீங்களா?

உம்ஷ்லாங்கா_கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். ஃபுட்பால் ஆடுறப்ப இடது முட்டி திரும்பி ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளை பிடிச்சு வைக்கிற முன்பக்க தசைநார்) அறுந்து போய் ஆபரேஷன் பண்ணி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தையல் நல்லா ஆறிடுச்சு, ஆனா தொடை சூம்பிப் போச்சு, பேன்ட் போட்டா வலது பக்கம் எப்பவும் போல இருக்கு இடது பக்கம் தொளதொளன்னு ஆடுது. படுத்துகிட்டு காலை நேரா தூக்குங்கன்னா தூக்குறேன், ஆனா முட்டி லேசா மடங்கியே தான் மேல வருது, எவ்வளவு முக்கினாலும் அந்த கடைசி கொஞ்சம் நேராக மாட்டேங்குது. பிசியோ இப்ப தொடைல பேட் ஒட்டி கரண்ட் வைக்கிறாங்க, நல்லாவே சுண்டி இழுக்குது. மெடிக்கல் எய்ட்ல (இங்க தென்னாப்பிரிக்கால மருத்துவ காப்பீடு) இந்த வருஷத்துக்கு பிசியோ காசு தீர்ந்துகிட்டே வருது, அதனால மெஷின் ஒண்ணு வாங்கி வீட்லயே வச்சுக்கலாமான்னு யோசனை. மருந்துக்கடைல டென்ஸ்னு விக்கிறதும் இதுவும் ஒண்ணு தானா? அப்புறம் கால் சரியானதும் காம்ரேட்ஸுக்கு (டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ஓடுற நீள ஓட்டப் போட்டி) ட்ரெய்னிங் பண்ணலாம்னு இருக்கேன், ஓடுற நண்பர்கள் சிலர் அடிபடாம இருக்க தொடைக்கு கரண்ட் வச்சுக்கிறோம்னு சொல்றாங்க. அதுல உண்மை இருக்கா?

பைன்டவுன்_ரவி:
கார்த்தி, நான் காம்ரேட்ஸ் ரெண்டு பக்கமும் ஓடினவன், மாரிட்ஸ்பர்க்ல இருந்து கீழ வர்றதும் சரி டர்பன்ல இருந்து மேல போறதும் சரி. என் கருத்து நேரா சொல்லிடறேன், மெஷினுக்கு போடுற காசை ஒரு நல்ல பயோகினெட்டிசிஸ்ட்கிட்ட (உடற்பயிற்சி வழியா சரி பண்றவர்) போடுங்க. ஸ்குவாட், ஒரு காலை முன்னாடி வச்சு இறங்குற லஞ்ச், படி ஏறி இறங்குறது, இதுக்கு மேல எந்த கரண்டும் தசையை வளர்க்காது. உக்காந்த இடத்துல தசை வளரும்னு ஆசை காட்டி விக்கிறாங்க. 2002ல அமெரிக்கால மத்திய வர்த்தக கமிஷன் வயித்துல கட்டுற கரண்ட் பெல்ட் விளம்பரங்கள் மேல கேஸ் போட்டுச்சு, ஆப்ட்ரானிக், ஃபாஸ்ட் ஆப்ஸ், ஏபி எனர்ஜைசர்னு மூணு பேர் மேலயும். உடற்பயிற்சி இல்லாமலே வயிறு கட்டாகும்னு அவங்க சொன்னது பொய்ங்கிறது தான் வழக்கு. அதுக்கு அப்புறமும் அதே சரக்கு வேற பேர்ல வந்துகிட்டு தான் இருக்கு.

பிசியோ_கயல்:
ரவி அண்ணா, நல்லா இருக்கிற காலுக்கு நீங்க சொல்றது சரி. கார்த்தியோட கால் இப்ப அந்த நிலைமைல இல்ல, அதனால இங்க நான் மாறுபடறேன்.

கார்த்தி தம்பி, கடைசி கொஞ்சம் நேராகாம மடங்கியே வருதுன்னு எழுதியிருக்கீங்களே, அது தான் இதுல முக்கியமான விஷயம். நீங்க மனசு வைக்காததால அது வரல. முட்டிக்குள்ள நீர் கோத்திருந்தா மூட்டுல இருந்து போற சிக்னல் முதுகுத்தண்டுலயே முன்தொடை தசையை அடக்கி வச்சிடும். எந்த காயமும் இல்லாத ஆளோட முட்டிக்குள்ள வெறும் உப்புத்தண்ணிய ஊசில ஏத்திப் பாத்திருக்காங்க, 1984ல வந்த ஆய்வு அது. 20ல இருந்து 30 மில்லி போனாலே முன்தொடையோட உள்பக்க தசை அடங்கிடுது, வெளிப்பக்கமும் நடுவுல இருக்கிறதும் அடங்க 50ல இருந்து 60 மில்லி வேணும். முட்டி ஆபரேஷன் ஆன நிறைய பேருக்கு உள்பக்கம் குழி விழுது, நீங்களும் முட்டிக்கு மேல உள்பக்கமா தொட்டுப் பாருங்க, தெரியும்.

இந்த நிலைமைல ஸ்குவாட் பண்ணுன்னா என்ன ஆகும்னா, நல்ல காலும் இடுப்பும் சேர்ந்து வேலைய முடிச்சிடும், அடிபட்ட கால் சும்மா கூட நிக்கும். வெளில இருந்து பாத்தா ஸ்குவாட் மாதிரியே இருக்கும், ஆனா எந்த தசைக்கு வேலை போகணுமோ அதுக்கு போகாது. கரண்ட் தொடைல இருக்கிற மோட்டார் நரம்பையே நேரா தட்டுது, முதுகுத்தண்டுல இருக்கிற அந்தத் தடைய கேக்கிறதே இல்ல. அதனால தான் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் சில வாரங்கள்ல இதுக்கு மதிப்பு. அமெரிக்கால டெலவேர் பல்கலைக்கழகத்துல லின் ஸ்னைடர் மாக்லர்னு ஒரு பிசியோதெரபி பேராசிரியர், அவங்க குழு 1995ல ஏசிஎல் ஆபரேஷன் ஆனவங்களை வச்சு ஆய்வு வெளியிட்டாங்க. பலமா கரண்ட் வச்சவங்களுக்கு தொடை பலம் நல்லா திரும்பி வந்துச்சு, நடையும் சீராச்சு. சின்ன மெஷினை வச்சு லேசா துடிக்க விட்டவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. "பலமா"ங்கிற அந்த ஒரு விஷயத்தை தான் வீட்ல மெஷின் வாங்குற நிறைய பேர் கோட்டை விடறாங்க.

உம்ஷ்லாங்கா_கார்த்தி:
அக்கா ரொம்ப நன்றி, இப்ப தான் புரியுது. பலமான்னா எவ்வளவுன்னு எப்படி தெரியும்? எனக்கு தசை துடிக்குது, அது போதாதா?

பிசியோ_கயல்:
துடிச்சா போதாது. தசை முழுசா இறுகி கல்லு மாதிரி நிக்கணும், முட்டிச்சில்லு மேல ஏறுறது கண்ணுக்கு தெரியணும். நான் ஆளுங்களுக்கு பேட் ஒட்டினதும் முதல்ல அந்த சில்லு மேல தான் ரெண்டு விரல் வைப்பேன். கரண்ட் ஏற ஏற முதல்ல சுள்சுள்னு குத்தும், அப்புறம் தோலுக்கு அடில புழு நெளியிற மாதிரி இருக்கும், அந்த இடத்துல நிறைய பேர் போதும்னு சொல்லிடுவாங்க. அதையும் தாண்டி ஏத்தினா தான் சில்லு விரலுக்கு அடில வழுக்கி மேல போறது தெரியும். அதுக்கு முன்னாடி நிறுத்திட்டா தசைக்கு வேலையே ஆரம்பிக்கல.

எங்க கிளினிக்ல உக்கார வச்சு முட்டிய 60 டிகிரி மடக்கி கணுக்காலை பெல்ட் போட்டு கட்டிடுவோம், கால் நீளக் கூடாது, நீள முயற்சி மட்டும் நடக்கணும். புது ஏசிஎல்லுக்கு அந்த கோணத்துல இழுப்பு வராது, காலை முழுசா நீட்டுற கடைசிப் பகுதில தான் இழுப்பு வரும், அதனால கட்டாம வீட்ல சோபால உக்காந்து காலை உதற விட்டு பண்ணாதீங்க. பெரிய பேட் ரெண்டு, ஒண்ணு தொடைக்கு மேல வெளிப்பக்கம், இன்னொண்ணு முட்டிக்கு கொஞ்சம் மேல உள்பக்கம் அந்த குழி விழுந்த இடத்துல. 10 செகண்ட் இறுக்கம், 50 செகண்ட் ஓய்வு, இப்படி 10ல இருந்து 15 தடவை. ஓய்வு ரொம்ப நீளமா இருக்குன்னு குறைக்காதீங்க, குறைச்சா நாலாவது அஞ்சாவது இறுக்கத்துலயே தசை சோர்ந்து பலம் இறங்கிடும். நல்ல கால் எவ்வளவு பலமா உதைக்குதோ அதுல பாதியாவது கரண்டால வரணும்ங்கிறது எங்க கணக்கு, பலத்தை அளக்கிற டைனமோமீட்டர் இருக்கிற இடத்துல அளந்தே பாக்கலாம். அப்புறம் கரண்ட் இழுக்கிறப்ப நீங்களும் சேர்ந்து இழுக்கணும், போன் நோண்டிகிட்டு உக்காந்திருக்க கூடாது.

மின்னல்_மணி:
நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், மருத்துவம் தெரியாது, ஆனா மெஷின் விஷயத்துல சொல்றேன். டென்ஸும் இதுவும் ஒண்ணு இல்ல. டென்ஸ் வலிக்காக, தோல்ல இருக்கிற உணர்ச்சி நரம்பை தட்டி வலிய அடக்குறது, அதனால பல்ஸ் குட்டையா இருக்கும், ஆன் பண்ணா நிறுத்துற வரை ஓடிகிட்டே இருக்கும். தசைக்கு 200ல இருந்து 400 மைக்ரோ செகண்ட் அகலமான பல்ஸ் வேணும், செகண்டுக்கு 50ல இருந்து 75 தடவை வரணும், ஏறி இறங்குற ஆன் ஆஃப் நேரம் நாமளே செட் பண்ண முடியணும். ஆன் ஆஃப் இல்லாத மெஷினை தொடைல வச்சு ஏத்தினா தசை இறுகினது விடவே விடாது, கொஞ்ச நேரத்துல வலிச்சு சோர்ந்திடும். வாங்குறப்ப பெட்டி மேல இருக்கிற படத்தை பாக்காதீங்க, உள்ள இருக்கிற தாள்ல பல்ஸ் அகலம், ஃப்ரீக்வென்சி, மேக்சிமம் மில்லி ஆம்பியர், அலை வடிவம் நாலையும் பாருங்க. பைஃபேசிக் சமச்சீர்னு போட்டிருக்கணும், அதாவது கரண்ட் ரெண்டு பக்கமும் சமமா மாறி மாறி போகணும், ஒரே பக்கமா போற கரண்ட்னா பேட்டுக்கு அடில அமிலமும் காரமும் சேர்ந்து தோல் புண்ணாகும்.

இன்னொண்ணு, பேட் சைஸ். அதே கரண்ட் சின்ன பேட் வழியா போனா சதுர சென்டிமீட்டருக்கு போற அளவு கூடிடும், குத்துறது அதனால தான், பெரிய பேட் போட்டா அதே ஆள் இன்னும் ஏத்தி தாங்குவார். லோட் ஷெட்டிங்ல கரண்ட் கட் ஆனாலும் இதுக்கு கவலை இல்ல, எல்லாமே பேட்டரில ஓடுறது, ஆனா சார்ஜர் சொருகின நிலைல உடம்புல ஒட்டாதீங்க.

பைன்டவுன்_ரவி:
கயல் சொன்ன அந்த உப்புத்தண்ணி விஷயம் எனக்கு புதுசு, ஆபரேஷன் ஆன காலுக்கு இது வேணும்னு ஒத்துக்கிறேன். ஆனா ஓட்டக்காரங்க விஷயத்துல என் கருத்து மாறல. கீழ வர்ற ஓட்டத்துல ஃபீல்ட்ஸ் ஹில் இருக்கு பாருங்க, ஏற்கெனவே பாதிக்கு மேல ஓடி வந்த கால், அங்க இருந்து பைன்டவுன் வரைக்கும் சரிவு, ஒவ்வொரு அடியும் முன்தொடை நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது. அங்க தொடை போச்சுன்னா அப்புறம் கௌவீஸ் ஹில் ஏற்றம், அதுக்கப்புறம் டர்பன் வரைக்கும் நடை தான். அந்த வேலைக்கு தசையை பழக்க சரிவுல ஓடித் தான் ஆகணும்.

பிசியோ_கயல்:
அண்ணா இதுல நான் உங்க பக்கம் தான். சரிவுல ஒரு தடவை ஓடி தொடை பிடிச்சுகிட்டா அடுத்த தடவை அதே சரிவுல வலி குறையும், தசை தன்னை சரி பண்ணிக்குது, அந்த பாதுகாப்பு வாரக்கணக்குல நிக்கும். நாற்காலில உக்காந்து கரண்ட் வைக்கிறதுல கால் நிலத்துல மோதுறதும் இல்ல, இடுப்பு கணுக்கால் எல்லாம் சேர்ந்து இயங்குறதும் இல்ல, அதனால அந்த பழக்கம் ஓட்டத்துக்கு அப்படியே வராது.

அதோட கரண்ட்ல தசை வேலை பாக்கிற விதமே வேற. நாமா இழுக்கிறப்ப நார்க்கூட்டங்கள் மில்லுல ஷிப்ட் போடுற மாதிரி மாத்தி மாத்தி வேலை பாக்கும், கொஞ்சம் சோர்ந்தா வேற கூட்டம் வரும். கரண்ட் வச்சா பேட்டுக்கு கிட்ட இருக்கிற அதே நார்கள், ஒரே நேரத்துல, ஒவ்வொரு தடவையும். அதனால சீக்கிரம் சோரும், பழக்கம் இல்லாதவங்களுக்கு பலமா வச்சா மறுநாள் கடுமையா வலிக்கும், ரத்தத்துல சிகே (தசை சேதமானா கசியிற என்சைம்) ஏறும். ரேஸுக்கு முந்தின வாரம் புதுசா கரண்ட் வச்சுக்கிறேன்னு யாராச்சும் சொன்னா வேணவே வேணாம்னு சொல்லுங்க. ஓடி முடிச்சு லேசான கரண்ட் வச்சா கால் இதமா இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க, இதமா இருந்தா வச்சுக்கட்டும், ஆனா மறுநாள் பலம் சீக்கிரம் திரும்புதுன்னு உறுதியா காட்டின ஆய்வு இல்ல.

அடிபடாம இருக்க நல்ல ஆதாரம் இருக்கிறது சாதாரண விஷயங்களுக்கு தான். ஃபுட்பாலுக்கு ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம் அப் இருக்கு, கிரவுண்ட்ல 20 நிமிஷம், மெஷினே வேணாம், ஒழுங்கா பண்ற டீம்கள்ல அடிபடுறது கணிசமா குறைஞ்சிருக்கு. பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி, முட்டி போட்டு நின்னு ஒருத்தர் கணுக்காலை பிடிக்க மெதுவா முன்னாடி சாயிறது, அதை சேர்த்த டீம்கள்ல பின்தொடை காயம் பாதி அளவுக்கு குறையுதுன்னு பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்து சொல்லியிருக்காங்க. கார்த்திக்கு மறுபடி ஏசிஎல் அறுகாம இருக்க ரெண்டு விஷயம், நேரமும் பலமும். டெலவேர்லயும் ஆஸ்லோலயும் சேர்ந்து பண்ணி 2016ல வெளியிட்ட ஆய்வுல ஆபரேஷனுக்கு அப்புறம் 9 மாசம் வரைக்கும் ஆட்டத்துக்கு திரும்புறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போட்டப்பவும் மறுபடி முட்டில அடிபடுறது பாதிக்கு பாதி குறைஞ்சுச்சு. முன்தொடை பலம் ரெண்டு காலும் சமமா இருந்தவங்களுக்கு இன்னும் குறைவு. கரண்டோட பங்கு இதுல எங்க வருதுன்னா, அந்த சமத்துக்கு போற பாதைல முதல் படிய ஏத்தி விடறது. அடிபட்ட கால் நல்ல காலோட பலத்துல 80 சதவீதம் வந்துட்டா நாங்க மெஷினை எடுத்து வச்சிடுவோம், அதுக்கு அப்புறம் எடை தூக்குறது தான்.

ஜோபர்க்_சுதா:
இந்த இழைல ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதனால எழுதுறேன். உடம்பு முழுக்க கரண்ட் சூட் போட்டு 20 நிமிஷத்துல மணிக்கணக்கு ஜிம் பலன்னு விளம்பரம் பண்றாங்க இல்ல, என் தம்பி அதுக்கு போனான். முதல் நாளே ட்ரெய்னர் ஏத்துங்க ஏத்துங்கன்னு உசுப்பேத்தி முழு அளவுக்கு வச்சிட்டாங்க, பேர் சொல்ல விரும்பல. ரெண்டு நாள் கழிச்சு கை மடக்க முடியல, தொடை வீங்கி கல்லா இருந்துச்சு, ஒண்ணுக்கு போனா கோக் கலர்ல வந்துச்சு. எமர்ஜென்சில ராப்டோன்னு, அதாவது தசை உடைஞ்சு ரத்தத்துல கலக்குறதுன்னு சொல்லி அட்மிட் பண்ணி ட்ரிப் மேல ட்ரிப் ஏத்தினாங்க. கிட்னி தப்பிச்சுது. அவன் ஜிம்முக்கு போற ஆள், பலமான பையன், அதனால பலம் இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் நினைக்காதீங்க. அந்த இடத்துல ஒரு படிவம் கூட நிரப்ப சொல்லல, கிட்னி எப்படி இருக்கு, என்ன மாத்திரை சாப்பிடுறேன்னு ஒரு கேள்வி இல்ல. எனக்கு இன்னும் கோவம் அடங்கல.

பிசியோ_கயல்:
சுதா, தம்பி நல்லபடியா வந்தது பெரிய நிம்மதி. நீங்க எழுதினது இங்க எல்லாரும் படிக்கணும். ஒரே நேரத்துல தொடை, புட்டம், முதுகு, கைனு எல்லா பெரிய தசையும் பழக்கம் இல்லாம இறுகினா தசை நார் உடைஞ்சு தசைல இருக்கிற மயோகுளோபின்ங்கிற புரதம் ரத்தத்துல கொட்டும், அது கிட்னிய அடைக்கும். ஜெர்மனில எர்லாங்கன் பல்கலைக்கழகத்துல வொல்ஃப்காங் கெம்லர் குழு இந்த சூட்டை வச்சு நிறைய ஆய்வு பண்ணியிருக்காங்க, சூட்டுக்கு ஆதரவா தான் எழுதுறாங்க, அவங்களே முதல் நாள் முழு பலத்துல வைக்கவே கூடாதுன்னு தான் சொல்றாங்க. சிகே அளவு முதல் தடவைல மிக அதிகமா ஏறுது, வாரக்கணக்குல பழகின பிறகு தான் இறங்குது. முதல் 8ல இருந்து 10 வாரத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை தான், 20 நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, தண்ணி நல்லா குடிச்சிருக்கணும், பக்கத்துலயே தெரிஞ்ச ஆள் நிக்கணும்.

ஓட்டக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. காம்ரேட்ஸ் ஓடி முடிச்சு கிட்னி நின்னு போய் அட்மிட் ஆனவங்களைப் பத்தி நம்ம நாட்டு டாக்டர்கள் பல வருஷமா எழுதியிருக்காங்க, வலி மாத்திரை போட்டுகிட்டு ஓடினது அதுல திரும்பத் திரும்ப வருது. நீள ஓட்டம், வலி மாத்திரை, கூட இந்த சூட், மூணும் ஒரே வாரத்துல வேணவே வேணாம்.

பைன்டவுன்_ரவி:
இதை எங்க கிளப் வாட்ஸ்அப்ல போடறேன். எங்க ஆளுங்க சிலர் வலி மாத்திரை, சூட் ரெண்டையும் ஓட்டத்தோட சேர்த்து பண்றாங்க, எனக்கே தெரியும்.

சாட்ஸ்வொர்த்_முருகன்:
வணக்கம். எனக்கு தமிழ் எழுத கொஞ்சம் மெதுவா வரும், கோயில் வகுப்புல கத்துகிட்டது, பொறுத்துக்குங்க. என் மனைவிக்கு முட்டி மாத்தி வச்சாங்க, இரும்பு முட்டி. அவளுக்கு சர்க்கரையும் இருக்கு. ஆஸ்பத்திரில பிசியோ கிட்ட வரிசை நீளம், கூப்பிடுற நாள் தள்ளித் தள்ளி போகுது. மகன் ஒரு மெஷின் வாங்கி தரேன்னு சொல்றான். உள்ள இரும்பு இருக்கே, கரண்ட் வச்சா சூடாகுமா? தைப்பூசத்துக்கு அவ காவடி பின்னாடி நடக்கணும்னு வேண்டிகிட்டிருக்கா.

மின்னல்_மணி:
ஐயா, தமிழ் நல்லாவே எழுதுறீங்க. சூடாகுற கவலை வேற மெஷினுக்கு, ஷார்ட்வேவ் டயதெர்மினு உயர் ஃப்ரீக்வென்சில சூடு ஏத்துறது ஒண்ணு இருக்கு, இரும்பு இருக்கிற மூட்டுல அதை வைக்க கூடாது. தசைக்கு வைக்கிற இந்த கரண்ட் குறைஞ்ச ஃப்ரீக்வென்சி, குட்டி குட்டி பல்ஸ், இரும்பை சூடாக்காது. பேட் தொடைல தான் இருக்கும், முட்டி மேல இல்ல.

பிசியோ_கயல்:
முருகன் ஐயா, முட்டி மாத்தினவங்களுக்கு தான் இது ரொம்ப உதவினதுன்னு சொல்லலாம். அமெரிக்கால ஜெனிஃபர் ஸ்டீவன்ஸ் லாப்ஸ்லிங்கிற பிசியோ ஆய்வாளரோட குழு 2012ல வெளியிட்ட ஆய்வுல 66 பேர், அதுல பாதிப் பேர் அளவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு 48 மணி நேரத்துலயே ஆரம்பிச்சு வீட்லயே தினமும் ரெண்டு வேளை, வேளைக்கு 15 இறுக்கம், 6 வாரம் பண்ணாங்க. வழக்கமான பயிற்சியோட இதையும் சேர்த்தவங்களுக்கு தொடை பலமும் படி ஏறுறதும் நடக்குறதும் நல்லா இருந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சும் வித்தியாசம் தெரிஞ்சுது. வயசானவங்க வீட்ல பண்ண முடியும்னு காட்டினதால எனக்கு அந்த ஆய்வு மேல தனி மதிப்பு.

ஆனா சர்க்கரை இருக்குன்னீங்களே, அதை விட்டுட கூடாது. அம்மாவை கண்ணை மூட சொல்லிட்டு பேட் ஒட்டப் போற தொடை இடத்துல பஞ்சால தொடுங்க, அப்புறம் குண்டூசியோட மழுங்கின பக்கத்தாலயும் கூர் பக்கத்தாலயும் மெதுவா தொட்டு எதுன்னு கேளுங்க. சரியா சொன்னா தொடைல வைக்கலாம். பாதம் மரத்துப் போயிருந்தா பாதத்துல, கெண்டைக்கால் கீழ எங்கயும் ஒட்டாதீங்க, சுட்டாலும் அவங்களுக்கு தெரியாது. பேஸ்மேக்கர் இல்லேன்னா உள்ள வச்ச டிஃபிப்ரிலேட்டர் இருந்தா மெஷினை தொடவே வேணாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி சூடா சிவந்து இருந்தா அது ரத்தக்கட்டியா இருக்கலாம், கரண்ட் வைக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. கழுத்து முன்பக்கம், நெஞ்சுக்கு குறுக்கே, கேன்சர் இருக்கிற இடம், புண் மேல எல்லாம் யாருக்குமே கூடாது, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வயித்துலயும் இடுப்புலயும் கூடாது. காவடிக்கு நடக்குறதை தையல் ஆறினதை வச்சு முடிவு பண்ணாம, கை பிடிக்காம நாற்காலில இருந்து எழுந்துக்க முடியுதான்னு பாத்து முடிவு பண்ணுங்க. மெஷின் வாங்கினதும் முதல் தடவை மட்டும் ஹெச்பிசிஎஸ்ஏல (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் கவுன்சில்) பதிவு பண்ண ஒரு பிசியோகிட்ட காட்டி பேட் இடத்தை பேனால தோல்ல குறிச்சு வாங்கிக்குங்க, டாக்டர் கடிதம் இல்லாமலே நேரா பிசியோகிட்ட போகலாம்.

மாரிட்ஸ்பர்க்_தேவி:
நான் ரொம்ப நாளா படிச்சுகிட்டு மட்டும் இருந்தேன். எங்க அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது பாதம் தொங்கிப் போச்சு, நடக்குறப்ப விரல் தரைல இடறுது, கார்பெட் ஓரம், வாசப்படி எல்லாமே பயம். இதுக்கும் கரண்ட் உதவுமா?

பிசியோ_கயல்:
தேவி, கரண்ட் வைத்தியத்துல பழைய கதைகள்ல ஒண்ணு இது. 1961ல லிபர்சன்னு ஒரு டாக்டர் இதுக்காகவே ஒரு கருவி செஞ்சார், செருப்புல குதிகாலுக்கு அடில ஒரு ஸ்விட்ச், முட்டிக்கு கீழ வெளிப்பக்கம் எலும்பு முண்டு பக்கத்துல ஓடுற நரம்பு மேல பேட். குதிகால் தரைய விட்டு கிளம்பினதும் கரண்ட் வந்து பாதத்தை தூக்கிடும், குதிகால் மறுபடி தரைல பட்டதும் நின்னுடும். இன்னைக்கு விக்கிற கருவிகள்ல ஸ்விட்சுக்கு பதிலா கால் சாயிறதை உணர்ற சென்சார் இருக்கு, அடிப்படை அதே தான். ஆனா விலை ரொம்ப அதிகம், மெடிக்கல் எய்ட் எல்லாரும் தர மாட்டாங்க, அதனால முதல்ல கணுக்காலை தாங்குற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போட்டு நடக்க வைக்கிறது இங்க வழக்கம், அதுவும் நல்லா வேலை செய்யும், விழாம இருக்கிறது தான் முதல். பக்கவாதத்துல தசைக்கு போற நரம்பு உசிரோட தான் இருக்கு, மூளைல இருந்து உத்தரவு வரல, அதனால கரண்டுக்கு தசை பதில் சொல்லும். விபத்துல நரம்பே அறுந்து போன காலுக்கு இந்த மெஷின் ஒண்ணும் பண்ணாது.

மாரிட்ஸ்பர்க்_தேவி:
அக்கா ரொம்ப ரொம்ப நன்றி. ஸ்பிளின்ட் கொடுத்தாங்க, அம்மா வீட்டுக்குள்ள போட மாட்டேங்குறாங்க. இப்ப சொல்லி போட வைக்கிறேன்.

உம்ஷ்லாங்கா_கார்த்தி:
இவ்வளவு எழுதின எல்லாருக்கும் நன்றி. பிசியோகிட்ட பேசினேன், நாற்காலில கட்டி வச்சு பண்றதை அவங்களே காட்டித் தரேன்னாங்க, மெஷின் தாளையும் மணி அண்ணா சொன்ன நாலு விஷயத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன், நான் முதல்ல பாத்து வச்சிருந்ததுல ஆன் ஆஃப் செட் பண்ற வசதியே இல்ல. ஒரு சின்ன கேள்வி, பேட் சீக்கிரம் ஒட்டாம போயிடுது, இந்த டர்பன் வெக்கைல வேர்வைல கழண்டு வருது. ஓரம் தூக்கினா அந்த இடத்துல மட்டும் சுரீர்னு குத்துது.

மின்னல்_மணி:
ஓரம் தூக்கினா ஒட்டியிருக்கிற மிச்ச இடத்துல கரண்ட் எல்லாம் குவியும், அதான் குத்துது, அப்படியே ஓட்டாதீங்க, நிறுத்திட்டு ஒட்டுங்க. தொடைய சோப் போட்டு கழுவி நல்லா துடைச்சு காய விடுங்க, எண்ணெய் கிரீம் எதுவும் இருக்க கூடாது. பேட் ஜெல் மேல ஒரே ஒரு சொட்டு தண்ணி விரலால தடவி ஒரு நிமிஷம் விட்டா ஒட்டு திரும்பும். பண்ணி முடிச்சதும் அந்த பிளாஸ்டிக் தாள்லயே ஒட்டி ஜிப் பைல போட்டு வைங்க, வண்டி டேஷ்போர்டுல போடாதீங்க. அதுக்கு மேலயும் ஒட்டலேன்னா புதுசு வாங்கிடுங்க, டேப் போட்டு ஒட்டி சமாளிக்க வேணாம்.

பிசியோ_கயல்:
முடி அடர்த்தியா இருந்தா கத்தரிக்கோலால வெட்டிக்குங்க தம்பி, பண்றதுக்கு முன்னாடி ஷேவ் பண்ணாதீங்க, தோல்ல கண்ணுக்கு தெரியாத கீறல் விழுந்து கரண்ட் பட்டதும் எரியும். எடுத்த பிறகு பேட் இருந்த இடம் லேசா சிவந்திருக்கும், கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடும். மறுநாளும் சிவப்பு இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ நிறுத்திட்டு உங்க பிசியோகிட்ட காட்டுங்க.